அரை மணி முன்னால்

கீழே இரண்டு உடம்பும் மேலே ஒரே தளமுமாக ஒரு பயணிகள் கப்பல் இருந்தது. யாரை ஏற்றினாலும் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடும். அதில் அதற்கு அப்படியொரு பெருமை.

சண்டை வந்தது. அந்த வேகத்துக்காகவே பட்டாளத்தார் அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இருக்கைகளைக் கழற்றி, சாம்பல் நிறம் பூசி, பட்டாளத்துப் பிள்ளைகளை ஏற்றினார்கள். சண்டை ஓய்ந்ததும் மறுபடி வெள்ளை பூசித் துறைக்கே அனுப்பிவிட்டார்கள்.

மீன்கார செபத்தியம்மா வருவாளா என்று கப்பல் ஏங்கிக் கிடந்தது. ஜன்னலோரம் எப்போதும் அவள் இடம். கூடையோடு வந்தாள். வெள்ளைப் பூச்சை ஒரு தரம் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த ஓட்டை மரப்படகில் போய் ஏறிக்கொண்டாள்.

"என்ன அண்ணே, அவளுக்கு என்னை அடையாளம் தெரியலையா?" என்று துறைச்சுவரில் தொங்கிய பழைய டயரிடம் கேட்டது கப்பல்.

"தெரியாமலா? அவ மகன் உன்மேல ஏறித்தானே சண்டைக்குப் போனான். திரும்பி வரலை."

"அதுக்கு நான் என்ன பண்ண? அவனையும் அரை மணி முன்னாலேயே கொண்டுபோய் விட்டேனே."

"அதைத்தான் தம்பி அவளும் சொல்றா," என்றது டயர்.