தள்ளிப்போன நாள்

முகம் கழுவும் தொட்டியில் வாந்தி அப்படியே கிடந்தது. காலையில் மகளை அதட்டி ஊட்டிய சோறு, அடைத்துக்கொண்ட தண்ணீரில் பருக்கை பருக்கையாக மிதப்பதைப் பார்த்ததும் அம்மாவுக்குக் குமட்டியது.

விடுதி ஒன்றின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. யார் யாரோ புரண்டு எழுந்த விரிப்புகளை முகம் சுளிக்காமல் அள்ளுகிறவள், பெற்ற மகளின் வாந்தியைத் தொட மனம் வராமல் குச்சியால் அடைப்பைக் குத்தினாள்.

அலமாரியில் நாப்கின் பொட்டலம் பிரிக்கப்படாமலே இருந்தது. வாங்கி வைத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசித்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. கல்லூரிக்கென்று போய் எவனோடோ... அந்த நினைப்பையே காறித் துப்பிவிடத் தோன்றியது.

அண்ணனின் தொளதொளச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவது, விளக்கைப் போடாமல் குளிப்பது எல்லாம் எதற்கென்று இப்போது விளங்கியது. வயிற்றை மறைக்கத்தான்.

"எவன்டி அவன்?"

அப்படி யாருமே இல்லை என்றாள் மகள், வாயைத் துடைத்தபடி. சொல்லும்போது அவள் முகத்திலும் அருவருப்பு தெரிந்தது. என்னமாய் நடிக்கிறாள் என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் தரதரவென்று இழுத்துப்போனாள். வழியெல்லாம் மகளின் மூச்சுக்காற்றுகூடத் தன்மேல் படாதபடி தள்ளியே நடந்தாள்.

சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவிடம் பேசினார். "கர்ப்பமெல்லாம் இல்லம்மா. பட்டினி கிடந்திருக்கா. உடம்புல சத்தே இல்ல, அதான் மாசாமாசம் வர்றது நின்னுபோச்சு."

இப்படியே போனால் இதயம் தாங்காது என்றும் எச்சரித்தார். அம்மாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. பசியில் காய்ந்து கிடந்த பிள்ளையைப் பற்றி எவ்வளவு கேவலமாக நினைத்துவிட்டாள்.

வெளியே வந்து பெஞ்சில் மகளை ஒட்டி உட்கார்ந்தாள். ஒல்லியாகத் தெரியவேண்டும் என்று யார் ஏற்றிவிட்ட பைத்தியமோ என்று நினைத்துக்கொண்டு, எலும்பு துருத்திய அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒழுங்கா நாலு வாய் சாப்பிடு கண்ணு. நின்னது திரும்ப வந்துடுமாம். எல்லாம் சரியாயிடும்."

மகள் குனிந்து தன் உடம்பைப் பார்த்தாள், கழுவியும் போகாத அசிங்கத்தைப் பார்ப்பதுபோல.

"வரக்கூடாதுன்னுதாம்மா சாப்பிடல. நான் பையன்மா."