ஐந்தாவது உறை

"நானே பிரிக்கட்டுங்களா?" என்று கேட்டாள், உறைகளைக் கொண்டுவந்தவள்.

வக்கீல் ஜெசிந்தா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

மேசை மேல் ஒன்பது உறைகள். எல்லாம் வங்கியிலிருந்து தபாலில் வந்தவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. முத்திரைத் தேதியைப் பார்த்து வக்கீல் அவற்றை வரிசையாக வைத்திருந்தார்.

திருப்பூர் நீதிமன்ற வளாகத்தில் இலவசச் சட்ட உதவி மையம். காலை பதினொரு மணி. பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

"ஏங்க ஒண்ணையும் பிரிக்கல?" என்றார் வக்கீல்.

"பிரிச்சுப் படிச்சா விசயம் தெரிஞ்சதா ஆயிருமாம். பிரிக்காம வெச்சிருந்தா, தெரியாதுன்னு கோர்ட்டுல சொல்லிக்கலாமாமுங்க. எங்கூட்டுக்காரருகிட்ட ஆரோ சொல்லிப்போட்டாங்க."

அந்த ஆரோ ஒரு டீக்கடைச் சட்டமேதை. தெருவுக்கு ஒருவர் இருப்பார்.

வக்கீல் சிரிக்கவில்லை. வாரம் ஒரு தடவையாவது இந்தப் பதிலைக் கேட்கிறவர் போலிருந்தது.

அவள் கணவர் மயில்சாமி வேலை பார்த்த பனியன் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டுக் கடன் தவணை நின்றது. உறைகள் வர ஆரம்பித்தன. தபால்காரரிடம் அவள்தான் வாங்குவாள். கணவர் பீரோ மேல் தூக்கிப் போடுவார்.

அவர் இல்லாத நேரம் பார்த்து எடுத்து, டியூப் லைட்டுக்கு நேரே பிடிப்பாள். எழுத்து நிழலாகத் தெரியும். ஒரு சொல்லும் பிடிபடாது. கனமானது எது, லேசானது எது என்று கையில் தூக்கிப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக் கேட்கக்கூட அவள் இவ்வளவு தவித்ததில்லை.

ஆனாலும் பிரித்ததில்லை. புருசன் பேச்சுக்காக இல்லை. பயம்.

போன வாரம் வங்கிக்காரர்கள் நேரிலேயே வந்து கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். தெருவே நின்று படித்தது. இருபத்து நாலாம் தேதி வீட்டைப் பூட்டி எடுத்துக்கொள்வார்களாம்.

அவள் தலையிலிருந்து ஊசியை உருவி முதல் உறையைக் கிழித்தாள்.

நினைவூட்டல்.

இரண்டாவதும் அதுவே, கொஞ்சம் கறாராக.

மூன்றாவதில் ஒரு பொங்கல் வாழ்த்து. கரும்பும் பானையும் அச்சிட்ட பளபளப்பான அட்டை.

"இதுக்குப் போயி மூணு நாளு எனக்குச் சோறு எறங்கலீங்க."

இப்போது வக்கீல் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள்.

நான்காவது, ஏதோ காப்பீட்டு விளம்பரம்.

ஐந்தாவதை வக்கீல் இரண்டு தடவை படித்தார். அவள் பக்கம் திருப்பி வைத்தார். தமிழில்தான் இருந்தது.

வேலை இழந்தவர்களுக்கு மாதத் தவணையைப் பாதியாகக் குறைத்து, கட்டும் ஆண்டுகளை நீட்டித் தருகிறோம். கணவன் மனைவி இருவரும் முப்பது நாளுக்குள் கிளைக்கு வந்து கையெழுத்திடவும்.

தேதியைப் பார்த்தாள். ஏழு மாதம் ஆகியிருந்தது.

பாதி என்றால் அவளுடைய தையல் கூலியிலேயே கட்டியிருக்கலாம். தெரு சிரித்திருக்காது. புருசன் மேல் ஆத்திரமாக வந்தது. டியூப் லைட்டில் பிடித்துப் பிடித்துப் பார்த்த தன் மேலும் வந்தது.

மீதி நான்கையும் வக்கீல்தான் பிரித்தார். அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"இந்த அஞ்சாவதை வெச்சுத்தான் கேக்கணும்" என்றார் வக்கீல். "அவங்களே தர்றேன்னு சொன்னது. மறுபடி தாங்கன்னு பேங்குக்கு மனு போடுவோம். முடியாதுன்னா கோயமுத்தூர்ல கடன் தீர்ப்பாயம் இருக்கு. ஆனா, அப்பவே ஏன் வரலைன்னுதான் மொதல்ல கேப்பாங்க. உள்ளதை எழுதிடணும். வீட்டுக்காரர் பிரிக்க விடலைன்னு போடட்டுமா?"

அவள் யோசித்தாள். அப்படி எழுதினால் அது உண்மைதான்.

"நாங்கன்னே போடுங்க. நானுந்தான பயந்தேன்."

அரை மணி நேரத்தில் மனு தயாராகிவிட்டது. அவள் கையெழுத்துப் போட்டாள். கணவருடைய கையெழுத்தும் வேண்டும்.

மயில்சாமி வெளியே புங்கமரத்தடியில் நின்றிருந்தார். உள்ளே வர மாட்டேன் என்று வரும்போதே சொல்லியிருந்தார்.

"என்னங்கறாங்க?"

"மனு எழுதியிருக்குது. வூடு தப்பிச்சாலும் தப்பிக்குங்க."

அவர் முகம் தெளிந்தது. பேனாவுக்குக் கை நீட்டினார்.

"எங்க போடோணும்?"

கடன் வாங்கிய அன்றும் முப்பது பக்கத்துக்கும் இதே கேள்விதான். ஒரு வரி படிக்கவில்லை.

கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரியும்படி அவள் காகிதத்தை மடித்துத்தான் கொண்டுவந்திருந்தாள். போட்டுவிடுவார். ஐந்தாவது உறை என்று ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாமல் போய்விடும். இருக்கிற மனவேதனையில் இது வேறு எதற்கு என்று படியிறங்கும்போது நினைத்திருந்தாள்.

இப்போது மடிப்பைப் பிரித்தாள்.

"படிச்சுப்போட்டுப் போடுங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு காகிதத்தை வாங்கினார். உதடு அசைய, எழுத்துக் கூட்டுகிற மாதிரி படித்தார்.

பெயர், முகவரி. கம்பெனி மூடியது. சரியாகத்தான் எழுதியிருக்கிறது என்று தலையாட்டினார்.

மூன்றாவது பத்தி.

தவணையைப் பாதியாகக் குறைப்பதாகத் தங்கள் வங்கி அனுப்பிய கடிதம் அப்போதே எங்களுக்குக் கிடைத்தது. பயத்தினால் நாங்கள் அதைப் பிரிக்காமல் வைத்துவிட்டோம்.

'நாங்கள்' என்ற இடத்தில் உதடு நின்றது.

பத்தியின் தொடக்கத்துக்குப் போய் மறுபடியும் படித்தார்.

அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.