காட்டிக்கொடுக்காத பிரவுசர்

“நீங்க செஞ்ச பிரவுசர எத்தன பேரு வச்சிருக்காங்க?” என்று ஒருமுறை பேட்டியில் பூங்கோதையிடம் கேட்டார்கள்.

“தெரியாது. அது யாரையும் வேவு பாக்காது,” என்றாள் பெருமையாக.

ஒவ்வொருவராகப் பெரிய கம்பெனியின் பெரிய பிரவுசருக்குப் போய்விட்ட பிறகு, அவளுக்குத் தெரிந்து மிச்சமிருந்தவள் கீழ்வீட்டு ஜெசிந்தாதான். அடிக்குப் பயந்து ஓடிவந்தவள். புருஷன் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று பூங்கோதையின் பிரவுசரையே வைத்திருந்தாள்.

ஒருநாள் காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்தாள்.

“அக்கா, ஆஸ்பத்திரி டோக்கன் இதுல வரமாட்டேங்குது. பெரிய பிரவுசர் போட்டுக் குடுங்க.”

“அது நீ இருக்கிற எடத்தக் காட்டிக் குடுத்துடும்டி.”

“தெரியும்க்கா. இவளுக்கு மூச்சு வாங்குது.”

பூங்கோதை அவள் போனிலிருந்து தன்னுடையதை எடுத்துவிட்டுப் பெரியதைப் போட்டுக்கொடுத்தாள். திரையில் எழுத்துகள் வந்தன: ‘டோக்கன் தயார். குழந்தையின் தந்தைக்கும் தெரிவித்துவிட்டோம்.’

மகளைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, ஜெசிந்தா படியிறங்கினாள்.