பதினெட்டு நிறைந்தவள்

அதிகாரி நீட்டிய படிவத்தில் வார்டன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தாள்.

போன வருஷம் வரை ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துப் பெண்கள் இருபத்தொரு வயது வரை தங்கலாம். அதற்குள் படிப்பு முடியும், கைக்கு ஒரு வேலை வரும், பிறகு போவார்கள். இந்த வருஷம் அரசு அந்த நிதியை அடியோடு நிறுத்திவிட்டது. பதினெட்டு நிறைந்தால் அந்த வாரமே வெளியேற வேண்டும்.

வெளியேற வேண்டியவள் வராந்தாவில் பையோடு நின்றிருந்தாள்.

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாருக்கும் பழக்கமில்லை. சமையல்காரம்மா முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் பொடிசுதான். வகுப்பில் எல்லோரையும்விடக் குள்ளம். ஒன்றாம் வகுப்பிலேயே இரண்டு வருஷம் உட்கார்ந்து மக்கு என்று பேர் வாங்கியவள். முட்டி மோதிப் பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அதிகாரி கெட்டவர் இல்லை. நாலு இடத்தில் கெஞ்சி, பெண்கள் விடுதி ஒன்றில் ஒரு மாதத்துக்குப் படுக்கை பிடித்திருந்தார். தையல் ஃபேக்டரியில் வேலைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

"ரெண்டே ரெண்டு வருஷம் இருக்கட்டுமே சார். இவ இன்னும் குழந்தை."

"எல்லா வார்டனும் இதையேதாம்மா சொல்றாங்க. நான் மனசு வெச்சாலும் கம்ப்யூட்டர் ஒத்துக்காது. போன வாரமே இவளுக்குப் பதினெட்டு முடிஞ்சாச்சு."

வார்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

சொன்னால் தன் வேலை போகும். போனால் போகிறது. ஆனால் விசாரணை என்று நாலு பேர் வந்து பழைய கோப்புகளைக் கிளறினால், இல்லத்தையே இழுத்து மூட அவர்களுக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடும். உள்ளே இன்னும் முப்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

கையெழுத்துப் போட்டாள்.

வராந்தாவில் பொடிசு அழவில்லை. ராத்திரியே அழுது தீர்த்துவிட்ட முகம்.

"பெரியம்மா, ஃபேக்டரில வயசு கேட்டா என்ன சொல்றது? என்னைப் பார்த்தா நம்ப மாட்டாங்களே."

வார்டன் குனிந்து, சரியாகவே இருந்த பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். நிமிர்வதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"பதினெட்டுன்னு சொல்லு. நிமிந்து நின்னு சொல்லு."

பெண் தலையாட்டினாள். அதிகாரியின் வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பும்வரை பின் கண்ணாடியில் அந்த முகம் தெரிந்தது. அப்புறம் தெரு மட்டும் இருந்தது.

வார்டன் உள்ளே வந்தாள். பொடிசின் கோப்பைக் கட்டி வைக்க வேண்டும். கட்டுவதற்கு முன் முதல் தாளைப் புரட்டினாள்.

சேர்த்த தேதி: பதினைந்து வருஷத்துக்கு முந்தையது. வயது: மூன்று. பக்கத்திலேயே, 'ஊட்டச்சத்துக் குறைவால் வளர்ச்சி குன்றியுள்ளது'.

எல்லாம் அவள் கையெழுத்துதான்.

அந்த வருஷம் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அரசு நிதி ஒதுக்கவில்லை. எடுத்துக்கொள்ள எந்த இல்லமும் முன்வரவில்லை.

போலீஸ்காரம்மா கொண்டுவந்து இதே மேஜைமேல் உட்காரவைத்த குழந்தைக்கு, அன்றைக்கு நடக்கவே தெரியாது.