வலது ஸ்பீக்கர்

வலது பக்கம் மறுபடியும் மங்கியது.

பாடகியின் 'ச' ஒலிகளெல்லாம் துணி போட்டு மூடியதுபோல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தானாகவே தெளிந்தது. மறுபடி மங்கியது.

அவள் பாட்டை நிறுத்தினாள். எழுந்து இரண்டு ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றி வைத்தாள். ஒயர்களைத் தொடவில்லை. அதே பாட்டை மறுபடி போட்டாள்.

இப்போது இடது பக்கம் மங்கியது.

அப்படியானால் கோளாறு காதில் இல்லை.

இத்தனை மாதமும் காதில் இல்லை.

முதல் நாளே இதைச் செய்திருப்பாள். ஜெயசீலன்தான் விடவில்லை. கணவன். ஸ்டுடியோவில் பாதி அவனுடையது. "ஸ்பீக்கரை நான் நல்லா பார்த்துட்டேன்மா. அதுல ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் ரெஸ்ட் வேணும்" என்றான்.

பாசமாகத்தான் சொன்னான்.

காது டாக்டரிடம் அவனே கூட்டிப்போனான். சோதனை அறைக்கு வெளியே அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெரிதாக எதுவும் தெரியவில்லை, எதற்கும் கொஞ்ச நாள் சத்தத்தில் இருக்காதீர்கள் என்றார் டாக்டர்.

அன்று மாலை டைரக்டர் அன்வரை அவளே போனில் அழைத்தாள். எனக்குக் காது சரியில்லை, படத்தின் சவுண்ட் மிக்ஸிங் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றாள். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இப்போது அழுகை வரவில்லை.

ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளே தேங்கிய கரண்ட் இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். திருப்புளியை எடுத்தாள்.

ஸ்க்ரூக்களின் தலை ஏற்கெனவே தேய்ந்திருந்தது.

யாரோ திறந்திருக்கிறார்கள்.

உள்ளே, மேல் சுருதிகளைத் தரும் சின்ன ட்வீட்டருக்குப் போகும் ஒயர் அறுந்திருந்தது. அறுந்த முனைகளை வெறுமனே முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். விரலால் தொட்டாள். ஆடியது. ஸ்பீக்கர் பெட்டி சூடாகும்போதெல்லாம் விட்டு விட்டுப் பிடித்திருக்கிறது.

"ஜெயா. இங்க வா."

ஜெயசீலன் காபி டம்ளரோடு வந்தான். மேஜையில் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தான். டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"என் ஃப்ரெண்ட்ஸ் வந்திருந்த அன்னிக்கு... கை பட்டு கீழ விழுந்துடுச்சு. நானே ஒட்டிட்டேன். சரியாயிடுச்சுன்னுதான் நெனச்சேன்."

"என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனியே, அப்ப?"

அவன் டம்ளரைக் கைமாற்றிப் பிடித்தான்.

"அப்ப தெரியுமா, தெரியாதா?"

"நீ கத்துவேன்னு பயந்துட்டேன்."

அவள் கத்தவில்லை. ஒயர் இணைக்கும் சால்டரிங் கம்பியைச் சூடேற்றிக் கையில் எடுத்தாள். அதன் முனையிலிருந்து புகை எழுந்தது.

அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

அவள் குனிந்தாள். டேப்பைக் கிழித்து எறிந்தாள். ஒயரைச் சீவி, ஈயம் உருக்கி இணைத்தாள். இணைப்பு சுத்தமாக விழுந்தது. பெட்டியை மூடிப் பிளக்கைச் செருகினாள். பாட்டைப் போட்டாள்.

கண்ணாடிபோல் கேட்டது. வரியைத் தொடங்குமுன் பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

முழுப் பாட்டையும் கேட்டாள். மறுபடி ஒருமுறை போட்டாள். பெட்டி நன்றாகச் சூடேறிய பிறகும் மங்கவில்லை. அவன் அங்கேயே நின்றான்.

"இப்ப நல்லா இருக்கு" என்றான். ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

அவள் செல்போனை எடுத்து அன்வரின் நம்பரை அழுத்தினாள். சத்தம் வெளியே கேட்கும்படி வைத்து, போனை அவன் முன்னால் மேஜையில் தள்ளினாள்.

மணி அடித்தது.

"சொல்லுங்க மேடம். காது இப்ப பரவால்லையா?"

அவள் நாற்காலியைத் திருப்பி, ஜெயசீலனைப் பார்த்து உட்கார்ந்தாள். நீயே சொல் என்பதுபோல் போனைக் கண்ணால் காட்டினாள்.

"ஹலோ? மேடம்? லைன்ல இருக்கீங்களா?"