காய்ந்த கண்ணாடியில் வைப்பர்

வாங்க வந்த காரின் பானட்டில் கை வைத்ததுமே பஸ் டிரைவருக்குச் சுருக்கென்றது. சுட்டது.

நாங்கள் வரும்வரை எஞ்சினைக் கிளப்பாதீர்கள் என்று விற்கிறவரிடம் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆறின எஞ்சினைக் கிளப்பினால்தானே தேய்ந்த டர்போவின் புகையும் இரைச்சலும் குட்டை உடைக்கும்? ஆள் முந்திக்கொண்டு சூடேற்றி வைத்திருக்கிறான்.

விற்கிறவர் சாவியை நீட்டினார்.

வாழ்நாள் முழுக்க பஸ்ஸை உருட்டியவருக்கு, ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய இந்த டர்போ கார் மேல் அப்படியொரு பித்து. சேமிப்பு மொத்தமும் இதில்தான் போகப்போகிறது. மனைவி ஒரே நிபந்தனையில் தலையாட்டியிருந்தாள். தன் தம்பி பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

விளம்பரத்தைத் தேடிப் பிடித்ததும் அந்த மச்சினன்தான்.

“எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எப்படி அத்தான்? நானும் இந்த மாதிரி வண்டியில உக்காந்ததே இல்ல. ஓட்டிப் பாப்போம் வாங்க.”

டிரைவர் விடவில்லை. வண்டிக்கு அடியில் படுத்தார். டார்ச் அடித்தார். கதவிடுக்கில் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததே பெரிய சந்தேகமாகப் போயிற்று.

முதலில் அவர் ஓட்டினார். தெருமுனையில் திரும்ப, ஸ்டியரிங்கின் இடப்பக்க லீவரைத் தட்டினார். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று தேய்த்தது.

அவர்கள் ஊர் வண்டிகளில் எல்லாம் சிக்னல் இடப்பக்கம். இந்த ஜப்பான் வண்டியில் வலப்பக்கம். அடுத்த முனையிலும் அதே கூத்து. அதற்கடுத்ததிலும்.

பின்சீட்டில் இருந்த விற்கிறவர்கூடச் சிரித்துவிட்டார். “யாரா இருந்தாலும் கை பழக ஒரு வாரம் ஆகும் சார்.”

பிறகு மச்சினன் ஓட்டினான்.

வண்டியின் இழுவையைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான். முனை வந்தது. பேச்சு நிற்கவில்லை. வலக்கை விரல் தன்பாட்டுக்கு நீண்டு லீவரைத் தட்டியது.

டிக், டிக், டிக்.

அடுத்த முனையிலும் அப்படியே. வைப்பர் அசையவே இல்லை.

டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். விற்கிறவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வண்டிக்கு அடியில் வரை ஊர்ந்து பார்த்த மனுஷன், கூட வந்தவனைப் பார்க்கத் தவறிவிட்டார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி.

தம்பி என்ன சொன்னான் என்றுதான் கேட்பாள். அடித்து ஓயும்வரை அவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.