சீமாட்டியின் ஐஸ் கட்டி

கீழ்வீட்டு எட்வின் தன் நாய் சீமாட்டிக்கு ஐஸ் கட்டி கொடுப்பதைப் பார்த்ததும், அடுப்பில் வைத்த ரசத்தையும் மறந்து மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள் திலகராணி. "தம்பி, வயிறு முறுக்கிச் செத்துடும். எங்க நாத்தனார் தெருவுல ஒரு நாய் இப்படித்தான் போச்சு." "டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்க்கா. சின்னக் கட்டின்னா ஒண்ணும் பண்ணாதாம். பெருசைக் கடிச்சாத்தான் பல்லு உடையுமாம்." டாக்டர் ஆயிரம் சொல்வார் என்று படியிலேயே உட்கார்ந்துகொண்டாள் திலகராணி. ஓர் உயிர் போகும்போது பொறுப்பான ஆள் ஒருத்தராவது பக்கத்தில் இருக்க வேண்டாமா? சீமாட்டியோ கடிக்கவே இல்லை. மூக்கால் தள்ளித் துரத்தியது, முன்காலால் அமுக்கியது, கண்ணை மூடிக்கொண்டு நக்கியது. கடைசியில் தரையில் ஈரம்தான் மிச்சம். காணாமல்போன கட்டியைப் பூந்தொட்டிக்குப் பின்னால் தேடிவிட்டு, நேராகத் திலகராணியின் முன்னால் வந்து நின்று, திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. "ஏய், நான் எடுக்கலடி!" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். சீமாட்டி நம்பவில்லை, முந்தானையை முகர்ந்து பார்த்தது. எட்வின் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டான். "என்னையே சந்தேகப்படுறியா நீ?" என்று விடுவிடுவென மாடியேறினாள் திலகராணி. கொஞ்ச நேரத்தில் ரசம் பொங்கி வழிந்த வாடையும், ஐஸ் தட்டைச் சமையல் மேடையில் தட்டும் சத்தமும் சேர்ந்து கீழே இறங்கி வந்தன. சீமாட்டி முதல் படியில் முன்காலை வைத்தது.